இரண்டு குழாய் இரத்தம்

உயிரோடு இருப்பதை மெய்ப்பிக்கச் சென்ற இடத்தில்தான் விழுந்தேன்.

முதியோருக்கு அரசு தரும் மாத உதவித்தொகை தொடர வேண்டுமானால், அதை வாங்குகிறவர் இன்னும் இறக்கவில்லை என்பதை ஆண்டுதோறும் நேரில் சென்று உறுதிசெய்ய வேண்டும். மலையாளம் பேசும் இந்நகரில் அதை மஸ்டரிங் என்பார்கள். ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியுள்ள சேவை மையத்தில் வரிசையில் நின்றேன். என் கைரேகைகள் தேய்ந்துவிட்டிருந்தன. கருவி என்னை ஏற்க மறுத்தது. "கண்ணைக் காட்டுங்க, அண்ணாச்சி" என்று அங்கிருந்த பெண் வேறொரு கருவியை முகத்தருகே பிடித்தாள். கண் என்னை ஒப்புக்கொண்டது. வெளியே வந்து வாசற்படியில் இறங்கும்போது ஈரக்கல்லில் வலக்கால் வழுக்கியது.

வலி உடனே வரவில்லை. விழுந்த இடத்திலிருந்தே என் வலப் பாதத்தைப் பார்த்தேன். அது வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. அந்தக் கால் மற்றதைவிடக் குட்டையாகவும் இருந்தது. யாரோ ஒருவருடைய கால் என்றுதான் தோன்றியது. அந்த எண்ணம் பிறகு பல நாட்கள் என்னைவிட்டு அகலவில்லை. இந்த வயதில் இப்படி விழுகிறவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதனால் நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்க முயல்கிறேன். உணர்ச்சிகளைப் பற்றி அதிகம் எழுத இயலாது. அவை அந்நாட்களில் என்னிடம் இல்லை.

அரசு மருத்துவமனையில் ஊடுகதிர்ப் படம் எடுத்தார்கள். தொடையெலும்பு இடுப்போடு சேரும் இடத்தில், தலைப்பகுதிக்குச் சற்றுக் கீழே, அதற்கு ஒரு கழுத்து உண்டு. என்னுடைய எலும்பு அந்தக் கழுத்தில் முறிந்திருந்தது. முதுமையில் அந்த இடத்துக்கு இரத்தம் குறைவாகவே செல்வதால் அது தானாகச் சேராது. உடைந்த தலையை எடுத்துவிட்டு உலோகத் தலை ஒன்றைப் பொருத்த வேண்டும். அதைப் பாதி மூட்டு மாற்று என்றார்கள். பொருத்தினால் சில நாட்களில் எழுந்து நடக்கலாம். இல்லையென்றால் காலில் எடை கட்டி இழுத்துவைப்பார்கள். வலி குறையும், நடை வராது.

"கூட யாரா? பைஸ்டாண்டர் யாரு?" என்று செவிலி கேட்டாள்.

இவ்வூர் மருத்துவமனைகளில் நோயாளிக்கு அடுத்தபடியாக எல்லோரும் தேடுகிற ஆள் இவர். நோயாளியுடன் இருந்து, மருந்து வாங்கி, இரத்தக் குழாயை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், முடிவை வாங்கிவந்து, தள்ளுவண்டி தேடி, கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுப்பவர். அவர் இல்லாமல் இங்கே யாரும் நோயாளியாகக்கூட இருக்க முடியாது.

என் மனைவி பகவதி முன்னே வந்தாள். எழுபது வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்தவள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அவளைச் செவிலி மேலும் கீழும் பார்த்தாள்.

"அம்மைக்கே ஒரு பைஸ்டாண்டர் வேணுமே! பிள்ளைங்க இல்லியா?"

"ஒரு மக. தாய்லாந்துல டீச்சர்."

"அவ அங்க, நீங்க இங்க. இந்த வார்டு முழுக்க இதே கதைதான்" என்று சொல்லிவிட்டு அவள் துணையிருப்பவருக்கான பாஸை எழுதிக் கொடுத்தாள்.

அவள் சொன்னது உண்மைதான். அந்தக் கூடத்தில் கிடந்தவர்கள் எல்லோரும் விழுந்த முதியவர்கள். அவர்களுக்குத் துணை இருந்தவர்களும் பெரும்பாலும் விழக்கூடிய வயதினர். என் பக்கத்துக் கட்டிலில் கோபாலன் என்பவர் கிடந்தார். தொண்ணூறை நெருங்கியவர், எனக்கு வந்த அதே முறிவு. அவருக்குத் துணை அவருடைய மகன் சசிதரன், அவருக்கே அறுபத்தாறு. தனியார்ப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்ந்தவர், பாறசாலைப் பக்கத்தவர். ஆகையால் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். சர்க்கரை நோயால் ஒரு பாதத்தில் ஆறாத புண். எந்தத் தள்ளுவண்டி நகர்ந்தாலும், பேருந்தைக் கிளப்ப அடிக்கும் இரட்டை மணிக்குப் பதிலாக, "டபிள் பெல்!" என்று குரல் கொடுப்பார். கூடம் சிரிக்கும். நானும் வாயை அசைத்தேன் என்றே நினைக்கிறேன்.

எங்களுக்கு இதில் என்ன பணயம் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். நான் தனிப்பயிற்சிக் கல்லூரிகளில் தமிழ் கற்பித்தவன். அவற்றுக்கு ஓய்வூதியம் கிடையாது. நாங்கள் குடியிருப்பது ஒரு வீட்டின் மாடியில், வெளிப்புறச் செங்குத்துப் படிக்கட்டுக்கு மேலே. அதனால்தான் அந்த வாடகை எங்களுக்குக் கட்டுபடியாகிறது. நான் நடந்தால் போதாது, ஏற வேண்டும். ஏற முடியாவிட்டால் எங்களுக்கு வீடு இல்லை. மருத்துவமனையின் சமூகப் பணியாளர் ஒருவர் இதைக் கனிவோடு விளக்கினார். அறநிலையம் ஒன்று ஆதரவற்ற முதியோருக்குக் கட்டணமின்றி இடம் தருகிறதாம். ஆண்களுக்கு ஓர் ஊரில், பெண்களுக்கு வேறோர் ஊரில்.

"ஞாயிற்றுக்கிழமைதோறும் ரெண்டு பேரும் போய்ப் பார்த்துக்கலாமே, சாரே" என்றார் அவர்.

பகவதி தலையாட்டினாள். அவர் போன பிறகு என் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

அறுவைக்கு முன் இரத்தம் எடுத்தார்கள். ஒரே காலையில் எனக்கும் கோபாலனுக்கும் எடுத்தார்கள். ஆய்வகம் வேறு கட்டடத்தில், சரிவுப் பாதைக்குக் கீழே இருந்தது. சசிதரன் பாதத்துக் கட்டை அவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நான் போறேனே, அதையும் தாருங்க" என்று பகவதி இரண்டு குழாய்களையும் இரண்டு சீட்டுகளையும் வாங்கிக்கொண்டு போனாள். அது அந்தக் கூடத்தின் வழக்கம். அன்று எந்தக் கால் நடக்கிறதோ அது எல்லோருக்காகவும் நடக்கும்.

மறுநாள் மருத்துவர் என் படுக்கையருகே நின்று முகம் சுளித்தார். எனக்குக் கிரியாட்டினின் மிக அதிகமாம். தசைகள் இயங்கும்போது உண்டாகும் கழிவு அது. சிறுநீரகம் அதை வடித்து வெளியேற்ற வேண்டும். இரத்தத்தில் அது தேங்கினால் வடிகட்டி பழுதாகிவிட்டது என்று பொருள். அந்நிலையில் மயக்க மருத்துவர் ஒப்புதல் தரமாட்டார். "எடை கட்டியே வைப்போம்" என்றார் மருத்துவர்.

நான் சரி என்றேன். சிறுநீரகத்தைப் பற்றி எனக்கு அதுவரை எந்த முறையீடும் இருந்ததில்லை. ஆனால் எலும்பைப் பற்றியும் இருந்ததில்லை.

பிறகு அவர் கோபாலனின் பக்கம் திரும்பினார். பல ஆண்டுகளாகச் சிறுநீரக நோய்க்கு மருந்து உண்பவருக்கு இப்போது எல்லா அளவுகளும் இயல்பாக இருந்தன. "பழைய டெஸ்ட் வெளியில எடுத்தது. நாம இதைத்தான் நம்பணும். நாளை மறுநாள் லிஸ்ட்ல போடலாம்" என்றார்.

மருத்துவர் அப்பால் சென்றதும் சசிதரன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, பழவங்காடிக் கணபதிக்குத் தேங்காய் நேர்ந்திருந்தேன், கேட்டோ. இவ்வளவு வேகமாப் பலிக்கும்னு நினைக்கல!" அன்று மாலையே புண் பாதத்தோடு போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். எனக்கும் நெற்றியில் பிரசாதம் இட்டார். "உங்களுக்கும் சேத்து ஒண்ணு உடைச்சேன். கணபதி கணக்குல வச்சிருப்பாரு."

அன்று பகவதி சாப்பிடவில்லை. மருத்துவமனைக் கஞ்சி அவளுக்குப் பிடிக்காது என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் மகள் உமா பேசினாள். தாய்லாந்தின் வடகிழக்கில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறாள். ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் ஒப்பந்தம். ஒரு மூதாட்டியின் வீட்டில் அறை எடுத்திருக்கிறாள். அவரை யாய் என்று அழைப்பாள். அந்நாட்டில் வயது முதிர்ந்த பெண்களை அப்படித்தான் அழைப்பார்களாம். நம்முடைய பழந்தமிழில் அந்தச் சொல்லுக்குத் தாய் என்று பொருள் என ஒருமுறை அவளிடம் சொல்லியிருக்கிறேன். அந்த யாயின் பிள்ளைகள் பாங்காக்கில் தொழிற்சாலை வேலையில் இருக்கிறார்கள். அரசு தரும் முதியோர் தொகை போதாமல் அவர் வீட்டுவாசலில் வாழைப்பழத்தைக் கரியடுப்பில் சுட்டு விற்கிறார். அவருக்கு இரத்த அழுத்தம் பார்க்க வருகிற ஊர்த் தொண்டரும் அறுபது கடந்தவராம்.

"அப்பா, நான் வரட்டா? டிக்கெட் பாக்கட்டா?"

"இடையில் வந்தால் ஒப்பந்தம்?"

"அடுத்த வருசம் எடுக்கமாட்டாங்க."

"வேண்டாம்."

பின்னணியில் யாரோ இருமினார்கள்.

"யாய்தான். தினமும் கேக்கா, உங்கப்பா பக்கத்துல யாரு இருக்கான்னு. இங்கயும் ஆஸ்பத்திரில சொந்தக்காரங்க ஒருத்தர் கூட இருக்கணும், அப்பா. போன மழைக்காலத்துல அவ விழுந்துட்டா. மக்க யாராலயும் வரமுடியல. நான்தான் கூட இருந்தேன். உங்ககிட்ட சொல்லல."

"நீ என்ன உறவு என்று சொன்னாய்?"

"பேத்தின்னு சொன்னேன். யாரும் கேள்வி கேக்கல."

"நல்லது" என்றேன். வேறு சொற்களும் இருந்திருக்க வேண்டும். நான் வளர்த்த மகள் வேறொரு முதியவளின் கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்திருக்கிறாள். அதைக் கேட்டு மனம் கசக்கவும் இல்லை, குளிரவும் இல்லை. கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தபோது பகவதி அதை அணைக்காமலே மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ன?" என்றேன்.

"கேட்டேளா." ஐம்பது ஆண்டுகளாக அவள் என்னை அழைப்பது இந்த ஒரு சொல்லால்தான். "ஒரு தப்பு நடந்துபோச்சு."

அவள் சொன்னது இது. ஆய்வகத்தில் அன்று கணினி பழுது. சாளரத்தில் இருந்தவர் கையால் பெயர் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தார். பின்னால் நீண்ட வரிசை. அவர் ஒரு குழாயை எடுத்து, "இது யாரோடது?" என்று கேட்டார். அது என்னுடையது. பகவதி வாயைத் திறந்தாள், சொல் வரவில்லை.

எங்கள் பக்கத்துப் பெண்கள் கணவன் பெயரைச் சொல்வதில்லை. இளையவர்கள் இதை விட்டுவிட்டார்கள். அவள் விடவில்லை. நியாயவிலைக் கடையில் அட்டையை நீட்டுவாள். வெளியாரிடம் உமாவின் அப்பா என்பாள். மிகவும் வற்புறுத்தினால் சுசீந்திரத்துச் சாமி பேரு என்பாள். எங்கள் நாஞ்சில் நாட்டில் அது போதும். என் பெயர் தாணுமாலயன் என்று யாரும் விளங்கிக்கொள்வார்கள். சாளரத்தில் இருந்த மலையாள இளைஞருக்கு அந்தச் சாமியைத் தெரியவில்லை. சீட்டுகளை அவள் முன்பே உள்ளே கொடுத்துவிட்டாள். "பேரு சொல்லு, அம்மே, ஆளு நிக்குது" என்று அவர் இரைந்தார். சொல்லக்கூடிய ஒரு பெயர்தான் அவளிடம் இருந்தது. மற்றொரு குழாயைச் சுட்டிக் "கோபாலன்" என்றாள். அது கோபாலன், ஆகவே இது மற்றவர் என்பது அவள் கருத்து. அவர் கையில் இருந்ததில் கோபாலன் என்று எழுதி ஒட்டிவிட்டார். மீந்த குழாய்க்கு மீந்த சீட்டு.

"அப்பவே கண்டேன். சொல்லணும்னு நின்னேன். பின்னால இருந்தவ தள்ளிவிட்டா. உள்ள போனா சரி பண்ணிருவாங்கன்னு நினைச்சேன்."

"யாரிடமாவது சொன்னாயா?"

"நேத்து சிஸ்டர்கிட்ட சொன்னேன். லேபல் தெளிவா இருக்கு, அம்மை குழப்பாதீங்கன்னுட்டா." அவள் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். கோபாலன் உறங்கிக்கொண்டிருந்தார். "நாளைக்கு அந்த மனுசன அறுத்துப்போட்டா?"

நாங்கள் இருவரும் தாழ்ந்த குரலில்தான் பேசினோம். சசிதரன் தேநீர் வாங்கப் போயிருந்தார்.

சிறிது நேரத்தில் மருத்துவர் மாணவர் கூட்டத்தோடு வந்தார். நான்தான் தொடங்கினேன். இரத்தம் இடம் மாறியிருக்கிறது என்றேன். அவர் இளைஞர், பண்பாகத்தான் கேட்டார்: "நீங்க இங்கயே கிடந்தீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் மனைவிதான் கொண்டுபோனாள்."

"அம்மா, முதல்ல கொடுத்தது யாரோட பிளட்?"

அவள் என்னைச் சுட்டினாள்.

"பேரச் சொல்லுங்கம்மா. எனக்கு உறுதியாத் தெரியணும்."

"அவள் என் பெயரைச் சொல்ல மாட்டாள்" என்று நான் குறுக்கிட்டேன். ஒரு மாணவி சிரிப்பை அடக்கினாள். இன்னொருவர் அடக்கவில்லை. மருத்துவர் கையிலிருந்த கோப்பை மூடப் போனார்.

"தாணுமாலயன்" என்றாள் பகவதி.

குரல் உயரவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி நேரே மருத்துவரைப் பார்த்துச் சொன்னாள். "ஆறுமுகம் பிள்ளை மகன் தாணுமாலயன். மொதல்ல குடுத்தது அவருக்க ரத்தமாக்கும். இந்தச் சீக்கு ரத்தம் கோபாலன் அண்ணனுக்குள்ளது. எனக்கு அன்னைக்குப் பேரு வாயில வரல்ல. அதனாலதான் மாறிச்சு."

அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து ஒரு மருந்தின் பெயரைப் போல வந்தது. நான் அதைக் கேட்க ஐம்பது ஆண்டுகள் காத்திருந்தேன் என்றெல்லாம் இல்லை. அவளுடைய உள்ளங்கைகள் கம்பியில் ஈரத்தைப் பதித்திருந்ததை மட்டும் பார்த்தேன்.

தேநீரோடு கூட்டத்தின் பின்னால் சசிதரன் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தார்.

இருவருக்கும் மீண்டும் இரத்தம் எடுத்தார்கள். இம்முறை ஒரு மாணவரே கொண்டுபோனார். முடிவு நாங்கள் அறிந்ததுதான். அறுவைப் பட்டியலில் கோபாலனின் பெயர் அடிக்கப்பட்டு என் பெயர் எழுதப்பட்டது. பகவதி அவர்கள் கட்டிலருகே போய் நின்றாள். சசிதரன் ஆறிப்போன தேநீரில் ஒன்றை அவளிடம் நீட்டினார்.

"குடிங்க, அம்மா. சொல்லலேன்னா நாளைக்கு எங்க அச்சன் ஆபரேஷன் டேபிள்லயே போயிருப்பாரு." பிறகு என்னைப் பார்த்தார். "ஆனா கணபதி செஞ்சது சரியில்ல, அண்ணாச்சி. உங்களுக்குன்னு உடைச்ச அந்த ஒத்தத் தேங்காயைத்தான் எடுத்திருக்காரு."

யாரும் சிரிக்கவில்லை. அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

அறுவையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதுகுத்தண்டின் அடிப்பகுதியில் ஊசி வழியே மருந்தைச் செலுத்துவார்கள். இடுப்புக்குக் கீழே எல்லாம் மரத்துவிடும், அறிவு விழித்திருக்கும். தள்ளுவண்டி கூடத்தைக் கடந்தபோது "டபிள் பெல், அண்ணாச்சி!" என்ற குரல் கேட்டது. உள்ளே பச்சைத் துணிக்கு அப்பால் தச்சுவேலை நடப்பது போன்ற ஒலிகள் கேட்டன. அறுத்தார்கள், தட்டினார்கள். யாரோ திருமணப் பந்தியைப் பற்றிப் பேசினார். என்னுள் ஓர் உலோகத் துண்டு இறங்குகிறது என்பதைச் செய்தியாகத்தான் அறிந்தேன். மருந்து இடுப்போடு நின்றுவிட்டது என்று மருத்துவர்கள் கருதியிருப்பார்கள்.

மூட்டின் விலையைக் காப்பீட்டு அட்டை ஏற்றுக்கொண்டது. அது ஏற்காதவை வேறு: வெளியே எடுத்த ஒரு படம், சிறுநீர் உறிஞ்சும் துணிகள், நடைச்சட்டம், பகவதியின் உணவு, ஆட்டோ. அவற்றை எல்லாம் அவள் எப்படிச் சமாளித்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இயன்முறைப் பயிற்சியாளர் மருத்துவமனைப் படிக்கட்டிலேயே கற்றுக்கொடுத்தார். ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அறுத்த கால் முதலில். மாடி வீடு என்று சொன்னதும் எனக்காகக் கூடுதல் நேரம் ஒதுக்கினார். சமூகப் பணியாளர் எங்களிடம் மீண்டும் வரவில்லை. பக்கத்துக் கட்டிலுக்குப் போனார்.

நாங்கள் வெளியேறுவதற்கு முந்திய நாள் கோபாலனை அறநிலையத்து வண்டி அழைத்துச்செல்ல வந்தது. சசிதரன் ஒரு துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"அங்கே பைஸ்டாண்டர் இருக்க விடுவார்களா?" என்று கேட்டேன்.

"பைஸ்டாண்டரா? நானும் அட்மிஷன்தான், அண்ணாச்சி. அறுபது கழிஞ்சா எடுப்பாங்களாம். எனக்கு வேற யாரு? அச்சனும் மகனும் ஒரே ஹால், பக்கத்துப் பக்கத்துக் கட்டில்." தள்ளுவண்டியின் பிடியில் இரண்டு முறை தட்டினார். "லாஸ்ட் ஸ்டாப். எல்லாரும் இறங்கிக்கோ."

கோபாலன் எங்களைப் பார்த்துக் கை உயர்த்தினார். அவருக்கு நடந்தது எதுவும் தெரியாது என்றே நினைக்கிறேன்.

மறுநாள் ஆட்டோ எங்களை வீட்டுவாசலில் இறக்கிவிட்டது. ஆட்டோக்காரர் நடைச்சட்டத்தை மேலே கொண்டுவைத்தார். நான் ஒரு கையால் சுவரோரக் கம்பியையும் மறு கையால் ஊன்றுகோலையும் பிடித்துக்கொண்டு, நல்ல காலை முதலில் வைத்து ஏறினேன். நடுவில் இருமுறை நின்றேன். உச்சியை அடைந்தபோது மகிழ்ச்சி வரும் என்று காத்திருந்தேன். கொடிக்கயிற்றில் நாங்கள் விட்டுச்சென்ற துண்டு வெளிறிக் கிடந்தது.

திரும்பிப் பார்த்தேன். பகவதி முதற்படியில் உட்கார்ந்திருந்தாள். மருந்துப் பை மடியில் இருந்தது.

"வா" என்றேன்.

"நீங்க உள்ள போங்க. நான் பையப் பைய வாறேன்." அவள் எழ முயன்றாள். முழங்கால் இடம் கொடுக்கவில்லை. மறுபடியும் உட்கார்ந்தாள்.

"முட்டிக்கு மாத்திரை போட்டாயா?"

"முடிஞ்சுபோச்சு."

"எப்போது?"

"நீங்க விழுந்த வாரம்."

ஆய்வகத்துச் சரிவில் அவள் ஏறி இறங்கியதை எல்லாம் நான் படுத்தபடி அறிந்திருந்தேன். அந்த முழங்கால்கள் எதைக்கொண்டு நடந்தன என்பதை அறியவில்லை.

கதவு பூட்டியிருந்தது. சாவி அவளிடம் இருந்தது. அறுத்த காலை முதலில் வைத்து, கற்றுக்கொடுத்தபடியே, ஒவ்வொரு படியாக இறங்கினேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சற்று நகர்ந்து இடம் விட்டாள். காலை நீட்டி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கீழ்வீட்டில் இருக்கும் உரிமையாளர் அம்மைக்குப் பார்வை மங்கிவிட்டது. சன்னல் வழியே குரல் மட்டும் வந்தது. "யாராக்கும் படியில?"

"தாணுமாலயனும் நானும்தான்" என்றாள் பகவதி.

"ஆ, வந்துட்டீங்களா. ஏறுங்க, ஏறுங்க."

நாங்கள் அங்கேயே இருந்தோம். சாவி அவள் மடியில், மருந்துப் பையின்மேல் கிடந்தது.